பாரம்பரிய வில் வாங்கும் முன் அதன் பெயரைப் பிரித்துப் படிப்பது எப்படி?

பாரம்பரிய வில் ஒன்று வாங்கலாம் என்று தேடத் தொடங்கினால் முதல் நாளே தலை சுற்றும். லாங்போ, ஃபிளாட்போ, செல்ஃப்போ, ஹார்ஸ்போ, மாக்யார், மஞ்சு, யூமி, கக்குங், ஹோல்மகார்ட் என்று பெயர்கள் வரிசைகட்டி நிற்கும். அச்சு அசலாக ஒன்றுபோல் தெரியும் இரண்டு வில்லுக்கு இரண்டு பெயர் இருக்கும். ஒரே பெயரில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு வில்லும் இருக்கும். விற்பவரிடம் விளக்கம் கேட்டால் அதே பெயரை இன்னும் அழுத்திச் சொல்வார், அவ்வளவுதான். நான் இதில் நிறைய உழன்று, வில் செய்பவர்களையும் எய்பவர்களையும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். எந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால், அந்தப் பெயர் எதைச் சொல்லவில்லை என்பதும் தெரியும். பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் அங்கேதான் இருக்கின்றன.

1. பெயர் எந்த வகை என்று முதலில் பிரியுங்கள்

ஒரு வில்லின் பெயர் பெரும்பாலும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்லும். வடிவம் (ரிகர்வ், ஃபிளாட்போ), செய்பொருள் (கக்குங்), மக்கள் அல்லது நாடு (மாக்யார், மஞ்சு), பழைய வில் கிடைத்த இடம் (ஹோல்மகார்ட், மியர் ஹீத்), அளவு (ஜப்பானிய வில்லான யூமியின் நமிசுன்), பயன்பாடு (குதிரைமேல் இருந்து எய்யும் ஹார்ஸ்போ), வடிவமைத்த ஆள் (ஹிக்மன்). இவற்றில் ஒன்று கையில் கிடைத்தால் மீதி ஆறும் உங்களுக்குத் தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘மாக்யார்’ என்றால் வடிவம் ஓரளவு தெரியும். உள்ளே கொம்பா, மரமா, ஃபைபர்கிளாஸா என்பது தெரியாது. ‘செல்ஃப்போ’ என்றால் செய்பொருள் தெரியும். நீளம் தெரியாது.

காண்டீவம், கோதண்டம், பினாகம் என்று புராணப் பெயர் வைத்து விற்பவர்களும் உண்டு. கேட்க நன்றாக இருக்கும். அந்தப் பெயரை அப்படியே ஒதுக்கிவிட்டு, கீழே இருக்கும் விவரங்களை மட்டும் படியுங்கள்.

2. வடிவப் பெயரா? நாண் ஏற்றாத படத்தைக் கேளுங்கள்

கடைப் படங்களில் வில் எப்போதும் நாண் ஏற்றியே இருக்கும். ரிகர்வ், ரிஃப்ளெக்ஸ், டிஃப்ளெக்ஸ் ஆகிய மூன்றும் நாண் இல்லாதபோதுதான் சரியாகத் தெரியும். நுனி மட்டும் எய்பவருக்கு எதிர்ப்புறமாக வளைந்திருந்தால் ரிகர்வ். கை (பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதி) முழுவதுமே அப்படிச் சாய்ந்திருந்தால் ரிஃப்ளெக்ஸ். பிடியிலிருந்து எய்பவர் பக்கமாகச் சாய்ந்தால் டிஃப்ளெக்ஸ். வில் செய்பவர்கள் இலக்கைப் பார்க்கும் பக்கத்தை ‘முதுகு’ என்றும், நம்மைப் பார்க்கும் பக்கத்தை ‘வயிறு’ என்றும் சொல்வார்கள். இந்த இரண்டு சொல்லும் தெரியாமல் அவர்களிடம் பேசினால் பாதி புரியாது.

‘லாங்போ’ என்ற ஒரே பெயரில் குறைந்தது மூன்று வில் உலவுகிறது. ஆங்கிலேய லாங்போவைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வயிறு உருண்டு, முதுகு ஏறக்குறையத் தட்டையாக இருக்கும். உயரமும் ஆள் உயரம் அல்லது அதற்கு மேல். 1545-இல் மூழ்கி 1982-இல் வெளியே எடுக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் கிடைத்த யூ (yew) மர விற்கள் இந்த வகை; அவற்றின் நீளம் சுமார் 1.87 மீட்டரிலிருந்து 2.11 மீட்டர் வரை. இரண்டாவது அமெரிக்க ஃபிளாட்போ. கை அகலமாக, தட்டையாக, குறுக்குவெட்டில் செவ்வகமாக இருக்கும். இந்தத் தட்டை வடிவத்தை இயற்பியல் கணக்குப் போட்டு நியாயப்படுத்தியவர்களில் முக்கியமானவர் கிளாரன்ஸ் ஹிக்மன். சில இடங்களில் அவர் பெயரிலேயே வில் விற்கிறது. மூன்றாவது, ரிஃப்ளெக்ஸும் டிஃப்ளெக்ஸும் கலந்து ஃபைபர்கிளாஸ் ஒட்டிய ‘ஹைபிரிட் லாங்போ’. மூன்றையும் கையில் பிடித்தால் அதிர்வு, வேகம், எடை எல்லாமே வேறு. ஆகவே ‘லாங்போ’ என்று மட்டும் எழுதி ஆர்டர் கொடுக்காதீர்கள். குறுக்குவெட்டு எப்படி என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியே போதும், விற்பவருக்கு விஷயம் தெரியுமா என்பதும் தெரிந்துவிடும்.

3. செய்பொருள் பெயரா? மரத்தின் தாவரவியல் பெயர் வரை போங்கள்

‘செல்ஃப்போ’ என்பதைத் தானே செய்துகொள்ளும் வில் என்று நினைப்பவர்கள் அதிகம். அது அப்படியல்ல. ‘செல்ஃப்’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘முழுதும் ஒன்றே ஆன’ என்ற பழைய பொருள் உண்டு. ஒட்டு இல்லாமல் ஒரே மரத்துண்டில் இழைத்தது என்று அர்த்தம். முதுகில் மூங்கிலோ நரம்போ தோலோ ஒட்டினால் அது ‘பேக்ட்’. பல மரப் பட்டைகளை ஒட்டினால் ‘லாமினேட்டட்’. கொம்பு, மரம், நரம்பு மூன்றும் சேர்ந்தால் ‘காம்போசிட்’.

பொருளை வைத்து வில்லுக்குப் பெயர் வைப்பது நம் பக்கத்திலும் பழைய பழக்கம்தான். அர்த்தசாஸ்திரத்தில் ஆயுதசாலைப் பகுதி பனையில் செய்தது கார்முகம், மூங்கிலில் செய்தது கோதண்டம், மரத்தில் செய்தது துரூணம், கொம்பில் செய்தது தனுசு என்று பிரிக்கிறது. சார்ங்கம் என்ற பெயரே ‘சிருங்கம்’, அதாவது கொம்பு என்பதிலிருந்து வந்தது. கொரியாவின் கக்குங்கும் அப்படித்தான்: ‘கக்’ கொம்பு, ‘குங்’ வில்.

புதியவர்கள் மாட்டிக்கொள்வதும் அங்கேதான். கொரிய வில் என்று தேடினால் கக்குங், கேரியாங்குங் என்று இரண்டு பெயர் வரும். படத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். கக்குங் எருமைக் கொம்பு, மூங்கில், முசுக்கொட்டை மரம், மாட்டு நரம்பு ஆகியவற்றை மீன் பசையால் ஒட்டிச் செய்வது. ஈரக்காற்று பட்டால் பசை இளகும் என்பதால் இளஞ்சூடான பெட்டிக்குள் வைத்துப் பாதுகாப்பார்கள். நாணைக் கழற்றினால் வில் எதிர்ப்புறமாகச் சுருண்டு ஏறக்குறைய வட்டமாகிவிடும். மறுபடி நாண் ஏற்ற, கைகளை மெல்லச் சூடு காட்டி, காலால் அழுத்தி விரித்து, இரண்டு நுனியும் ஒரே நேர்கோட்டில் நிற்கிறதா என்று கண்ணை வைத்துப் பார்த்துப் பார்த்துத் திருத்த வேண்டும். கொஞ்சம் முறுக்கிவிட்டால் இழுக்கும்போது வில் புரண்டு நாண் கழன்றுவிடும். கேரியாங்குங் என்றால் ‘மேம்படுத்திய வில்’. ஃபைபர்கிளாஸ், கார்பன் கலந்தது. விலை குறைவு, பராமரிப்பு குறைவு, மழைக்காலத்திலும் எய்யலாம். 145 மீட்டர் தூரத்தில் இருக்கும் கொரிய இலக்கை இரண்டாலும் அடிக்கலாம். முதல் வில்லாகக் கக்குங் வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

மரத்தின் பெயரிலும் கவனம் வேண்டும். ஓசேஜ் ஆரஞ்சு, போடார்க், ஹெட்ஜ் என்று மூன்று பெயரில் மூன்று விலையில் வரும் மரம் ஒன்றேதான்: மக்ளூரா பொமிஃபெரா. ‘போடார்க்’ என்பது ‘வில் மரம்’ எனப் பொருள்படும் பிரெஞ்சுத் தொடர் திரிந்த வடிவம். பில்லில் தாவரவியல் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். ஏன் என்பது ஒன்பதாம் படியில் வரும்.

4. நாட்டுப் பெயரும் மக்கள் பெயரும்: அதிகம் ஏமாறும் இடம்

சித்தியன், ஹுன், மாக்யார், தாத்தார், துருக்கி, மங்கோல், மஞ்சு என்று வரும் எல்லாமே குட்டையான ஆசிய வில் என்று ஒரே மூட்டையில் கட்டிவிடாதீர்கள். இவற்றைப் பிரித்தறிய ஒரே இடத்தைப் பாருங்கள்: வளையாத நுனிப்பகுதி. அதற்குச் ‘சியா’ என்று பெயர். மாக்யார் வகையில் சியா நீளமாக இருக்கும். துருக்கி வகையில் நுனி குட்டை, இலேசு. இலகுவான அம்பை வேகமாக விடும். மஞ்சு வில் உருவத்தில் பெரிது. சியா மிக நீளம். நாண் அதன்மேல் படும் இடத்தில் சின்னப் பாலம்போல ஒரு கட்டை இருக்கும். கனமான நீண்ட அம்புக்கானது.

‘மங்கோல்’ என்று போட்டு விற்பதில் பாதிக்கு மேல் குழப்பம். இன்று மங்கோலியாவில் எய்யும் வில், சீனாவை ஆண்ட சிங் (Qing) அரச காலத்தில் பரவிய மஞ்சு அமைப்பிலிருந்து வந்தது. செங்கிஸ்கான் காலத்து வில் அதைவிடச் சிறியது, வேறு அமைப்பு. கடையில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். நாண்பாலம் இருக்கிறதா என்று கேட்டால் எது என்று தெரிந்துவிடும்.

இன்னொரு குழப்பம் ஐரோப்பியப் புதைபொருள் பெயர்கள். ஹோல்மகார்ட் என்பது டென்மார்க்கில் சதுப்பு நிலத்தில் 1944-இல் எல்ம் மர வில் கிடைத்த இடம். அந்த வில்லின் கைகள் நுனி நோக்கிச் சீராகக் குறுகுகின்றன. ஆனால் ‘ஹோல்மகார்ட்’ என்று இன்று பலர் விற்பது, பாதிக் கையில் தோள்போலச் சட்டென்று இறங்கி, பிறகு குச்சிபோல் ஒல்லியாக நீளும் வில். அது உண்மையில் மொலேகாபெட் என்ற வேறொரு டேனிஷ் கண்டெடுப்பின் வடிவம். இரண்டுமே நல்ல வில்தான், ஆனால் ஒல்லியான நுனி கொண்டது செய்வதற்கும் கையாளுவதற்கும் நுணுக்கமானது. சட்பரி என்பது அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள ஊர்ப்பெயர். 1660-ஐச் சேர்ந்த ஹிக்கரி மர வில்லுக்கு அந்தப் பெயர். மியர் ஹீத் இங்கிலாந்தின் சாமர்செட்டில் 1961-இல் கிடைத்த யூ மர வில்; கை அகலமானது. ஊர்ப்பெயர் கொண்ட வில்லை வாங்குகிறீர்கள் என்றால், அருங்காட்சியக அளவு வரைபடத்தை வைத்துச் செய்ததா, வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

5. அளவுப் பெயரா? உங்கள் அம்பின் நீளத்தை முதலில் அளங்கள்

ஜப்பானிய யூமியில் பெயரே அளவு. ‘நமிசுன்’ என்றால் வழக்கமான அளவு, 221 செ.மீ. மற்ற எல்லாம் அதிலிருந்து கூட்டல் கழித்தல். ‘சன்சுன் ஸுமே’ மூன்று சுன் குறைத்தது, 212 செ.மீ. ‘நிசுன் நோபி’ இரண்டு சுன் நீட்டியது, 227. ‘யோன்சுன் நோபி’ நான்கு சுன் நீட்டியது, 233. ஒரு சுன் சுமார் 3 செ.மீ. அம்பு நீளம் 90 செ.மீ. வரை என்றால் நமிசுன், 90-இலிருந்து 100 வரை நிசுன் நோபி என்பது பொதுவான வழக்கம். பயிற்சிக்கூடத்தில் ஆசிரியர் அளந்து சொல்லாமல் யூமி வாங்காதீர்கள். ஒரு அளவு தவறினால் விற்றுவிட்டு வேறு வாங்குவதைத் தவிர வழியில்லை.

கொரிய விற்களிலும் நீளம், நடுத்தரம், குட்டை என்ற மூன்று அளவுப் பெயர்கள் உண்டு. கேட்காவிட்டால் நடுத்தரத்தை அனுப்பிவிடுவார்கள்.

6. பவுண்டு எண்ணை எந்த அங்குலத்தில் சொல்கிறார்கள்?

பவுண்டு என்பது வில்லின் எடை அல்ல, அதை இழுக்கத் தேவையான விசை. ‘40 பவுண்டு வில்’ என்பது அரைகுறைத் தகவல். எவ்வளவு இழுத்தால் 40 என்பதுதான் கேள்வி. மேற்கத்திய விற்களில் வழக்கமாக 28 அங்குல இழுப்பில் சொல்வார்கள். ஆசிய வில்லைக் கட்டைவிரலால் காது தாண்டி 31, 32 அங்குலம் வரை இழுப்பவர்கள் உண்டு. அங்குலத்துக்கு இரண்டு மூன்று பவுண்டு ஏறும் என்று கணக்கு வைத்தால், 28-இல் 40 என்பது 31-இல் 46 முதல் 49 வரை போய்விடும். புதியவர்களுக்கு 25 முதல் 35 பவுண்டு போதும். மேரி ரோஸ் விற்களை நூறு பவுண்டுக்கு மேல் மதிப்பிடுகிறார்கள் என்று படித்துவிட்டு 60-ஐத் தேடாதீர்கள். தோள் போய்விடும்.

வில் அதிகபட்சம் எத்தனை அங்குலம் தாங்கும் என்பதையும் தனியாகக் கேளுங்கள். 28-க்குச் செய்த மர வில்லை 31 இழுத்தால் உடையும், உத்தரவாதமும் செல்லாது. ரிகர்வில் ‘ஏஎம்ஓ (AMO, வில் தயாரிப்பாளர் அமைப்பின் அளவுமுறை) நீளம்’ என்று இருந்தால், நாண் அதைவிட 3 அங்குலம் குறைவாக இருக்கும். மாற்று நாண் ஆர்டர் செய்யும்போது உதவும்.

7. போட்டிக்குப் போவதாக இருந்தால் விதிப்புத்தகத்தின் பெயரை நம்புங்கள்

கடை ‘லாங்போ’ என்றாலும் நடுவர் ஒப்புக்கொள்ள மாட்டார். உலக வில்வித்தைக் கூட்டமைப்பின் லாங்போ பிரிவில், நாண் ஏற்றிய வில்லில் நாண் நுனிப் பள்ளங்களைத் தவிர வேறெங்கும் படக் கூடாது; அம்பு மரத்தில் இருக்க வேண்டும். பிரிட்டிஷ் லாங்போ விதியோ கையின் தடிமன் எந்த இடத்திலும் அகலத்தில் எட்டில் ஐந்து பங்குக்குக் குறையக் கூடாது என்கிறது. ஹைபிரிட் லாங்போ இங்கே நுழையவே முடியாது. எந்தச் சங்கத்தில் எய்யப் போகிறீர்களோ அவர்கள் விதியை முதலில் இறக்கிப் படித்துவிட்டு, அந்தப் பக்கத்தையே வில் செய்பவருக்கு அனுப்புங்கள்.

8. செலவும் காலமும்

விலையில் ஃபைபர்கிளாஸ் ஒட்டிய ஹார்ஸ்போ கீழே, நல்ல செல்ஃப்போ நடுவில், கொம்பு வில் பல மடங்கு மேலே. பலர் மறந்துவிடுவது அனுப்பும் செலவு. பெயரிலேயே அதற்கான குறிப்பு இருக்கிறது. ஹார்ஸ்போ நாலடி சொச்சம், சாதாரணப் பார்சலில் போகும். ஆங்கிலேய லாங்போ ஆறடி. பல கூரியர்களில் அதிக நீளக் கட்டணம் விழும். 221 செ.மீ. யூமியைச் சிலர் ஏற்கவே மாட்டார்கள். ‘டேக்டவுன்’ என்றிருந்தால் மூன்று துண்டாகக் கழற்றி அனுப்பலாம். அனுப்பும் செலவு குறையும்.

காத்திருக்கும் காலமும் பெயரோடு சேர்ந்தது. செல்ஃப்போவுக்கு மரம் காய வேண்டும். பதப்பட்ட மரம் ஏற்கெனவே கையிருப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஒரு வருடம் ஆகலாம். கொம்பு வில்லில் நரம்புப் படலம் ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது. முழு வேலைக்கு ஒரு வருடமும் அதற்கு மேலும் பிடிக்கும். ‘ஒரிஜினல் கொம்பு வில், இரண்டு வாரத்தில் அனுப்புகிறோம்’ என்றால், ஒன்று கையிருப்பில் முன்பே செய்து வைத்தது, இல்லை கொம்பு வண்ணத்தில் பிளாஸ்டிக். எதுவென்று கேளுங்கள். முன்பணம் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள். மீதியை, வில்லை முழு இழுப்பில் எடுத்த படம் வந்த பிறகு கொடுங்கள்.

9. வெளிநாட்டிலிருந்து வருகிறதா? தாள்களைச் சரிபாருங்கள்

பில்லில் ‘வார்போ’, ‘காம்பாட் போ’ என்று விற்பனைப் பெயரை எழுதினால் சுங்கத்தில் ஆயுதம் என்று நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். பொருளின் உண்மையான விவரத்தை எழுதச் சொல்லுங்கள்: விளையாட்டு வில், செய்பொருள், நீளம், பவுண்டு. சுங்கக் குறியீட்டில் விளையாட்டுச் சாமான்கள் 9506 தலைப்பில் வரும்.

மரமும் கொம்பும் இருந்தால் கூடுதல் தாள் தேவைப்படலாம். அழிவு அபாய உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் ரோஸ்வுட் பேரினம் ஏறக்குறைய முழுவதும் 2017 முதல் இருக்கிறது. இப்பே மரம் 2024 நவம்பரில் சேர்ந்தது. இமயமலை யூவும் உண்டு. ஐரோப்பிய யூ அதில் இல்லை. இழைத்து முடித்த வில்லுக்கும் வெட்டிய மரக்கட்டைக்கும் விதி வேறு. ‘யூ’ என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த யூ என்று கேட்டு பார்சலை நிறுத்துவார்கள். தாவரவியல் பெயர் இருந்தால் தப்பலாம். கொம்பும் நரம்பும் விலங்குப் பொருள் என்பதால் பல நாடுகள் கால்நடைச் சான்றிதழ் கேட்கும். ஆர்டர் கொடுக்கும் முன்பே உங்கள் நாட்டுச் சுங்கத் தளத்தில் பாருங்கள். வில் புறப்பட்ட பிறகு சான்றிதழ் வாங்க முடியாது.

10. பெட்டி வந்ததும்

பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். சேதம் என்றால் கேட்கும் அவகாசம் குறைவாகவே இருக்கும். மர வில்லை ஒரு நாள் அறையில் விட்டுப் பிறகு தொடுங்கள். நாண் ஏற்றும் முன் நுனியிலிருந்து பிடி வரை கண்ணோட்டி முறுக்கு இருக்கிறதா பாருங்கள். முதுகில் குறுக்கே ஓடும் மயிரிழைக் கீறல் இருந்தால் நாணே ஏற்ற வேண்டாம், படம் எடுத்து அனுப்புங்கள். நாண் ஏற்றிய பிறகு முதல் இழுப்புகள் பாதியளவுதான். அம்பு இல்லாமல் நாணை விட்டுவிடாதீர்கள்.

பெரும்பாலான வில் செய்பவர்கள் பிடிக்குப் பக்கத்தில் நீளம், பவுண்டு, அங்குலம் மூன்றையும் மையால் எழுதியிருப்பார்கள். தராசில் மாட்டி, அவர்கள் சொன்ன அதே அங்குலத்துக்கு இழுத்துப் பாருங்கள். ஒன்றிரண்டு பவுண்டு வித்தியாசம் சகஜம். அதற்கு மேல் போனால் அதே வாரத்தில் எழுதுங்கள்.